ஆளில்லாத வீட்டுக்குச் சூடு

எண்ணெய் எரித்து வீட்டைச் சூடேற்றுவது கட்டுப்படியாகவில்லை என்று, பனி கொட்டும் அமெரிக்க ஊரான பார்சிப்பனியில் ரோஷன் பேகம் வீட்டில் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் வைத்தார்கள். முதல் குளிர்காலத்துக் கரண்ட் பில்லோ எண்ணெய்ச் செலவையும் தாண்டிவிட்டது. அவருக்கு வயிறு எரிந்தது. வெளியே கிளம்பினால் லைட்டோடு ஹீட்டரையும் அணைத்துவிட்டுத்தான் பூட்ஸை மாட்டுவார். வீண்விரயம் அல்லாஹ்வுக்குப் பிடிக்காது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, அணைப்பதுதான் தப்பு என்றார். சில்லிட்டுப்போன வீட்டைத் திரும்பச் சூடாக்க, ஹீட் பம்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ஹீட்டர் கரண்டைக் குடிக்கிறதாம். எப்போதும் ஒரே அளவில் ஓடவிட வேண்டுமாம்.

“சிக்கனம்னு நீ பண்ணுனதுதான் நம்மள கவுத்துருக்கு,” என்று சிரித்தார் கணவர் ஹாஜா.

“சிரிங்க. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு நடுங்குனது நானு.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது ரோஷன் பேகத்தின் கை தானாகச் சுவரிலிருந்த ஹீட்டர் பொத்தானுக்குப் போனது.

“தொடாத,” என்றார் ஹாஜா.

“ஆளில்லாத வீட்டுக்குச் சூடு காட்டிட்டுப் போயி என்னத்தத் தொழுவுறது?” என்று முணுமுணுத்தபடி கதவைச் சாத்தினார்.