துனிஸில் எடுத்த படம்

என் கணவர் விநாயகமூர்த்தி தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று, ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவரின் வாயில் குத்தினார். இரண்டு பல் விழுந்தது. ஒன்று கேக் மேசைக்குக் கீழே உருண்டு போனதை நானே பார்த்தேன். அடி வாங்கியவரை அழைத்து வந்தது எங்கள் மகள் நிருஜா. அப்பாவை ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். நன்றாகத்தான் ஆச்சரியப்படுத்தினாள்.

மூர்த்தியா அடித்தார் என்று இன்றைக்கும் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கை ஓங்குகிற ஆள் நான். கோபம் வந்தால் சட்டி மூடியோ டிவி ரிமோட்டோ, எது அகப்படுகிறதோ அது பறக்கும். அவர் குனிந்துகொள்வார். குனிந்து குனிந்தே இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனிதர். பதினைந்து வருஷமாகத் தெற்கு ஆக்லாந்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் கத்தி, நாள் முழுக்க எலும்பிலிருந்து சதையைப் பிரித்தெடுக்க வேண்டும். மாட்டிறைச்சி வேலையா என்று கோயிலில் சிலர் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டு மோர்ட்கேஜை அவர்களா கட்டுகிறார்கள்? ஆனால் வீட்டில் ஒரு கோழியை வெட்டச் சொன்னால், "நீ வெட்டு ராணி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்.

எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. வெள்ளைச் சுவர், அதில் ஆணிகள் பதித்த பெரிய நீலக் கதவு, அதன் முன்னால் இருபத்தேழு வயது மூர்த்தி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தோளில் கை போட்டபடி மீசைக்காரர் ஒருவர், கூடப் பயணம் செய்தவராம். கீழ் மூலையில், அந்தக் காலத்துக் கமராக்களில் விழுவது போல, செம்மஞ்சள் நிறத்தில் சில எண்கள். வட ஆப்பிரிக்காவில், துனிஸ் நகரத்துப் பக்கம் எடுத்தது. முதுகில் பயணப் பை, தலையில் வெள்ளைத் தொப்பி. பார்க்கிற எவரும் நல்ல வசதியான உல்லாசப் பயணி என்றுதான் நினைப்பார்கள்.

அதை மாட்டியவள் நான். அவருக்கு விருப்பமே இல்லை. பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து, சட்டம் போட்டு, ஆணி அடித்தேன். காரணம் என் அண்ணன் வசீகரன். அண்ணனும் மூர்த்தியும் இரண்டாயிரமாம் ஆண்டு, ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரே ஏஜென்சிக்காரன் மூலம் ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டவர்கள். வழியில் துனிஸ். மூர்த்தி பிடிபட்டுக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அண்ணன் வரவில்லை. "கூட்டத்தில பிரிஞ்சு போயிட்டம், அவன் இத்தாலிக்குப் போயிருப்பான்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார் மூர்த்தி. அப்போது இந்தப் படத்தையும் காட்டினார். இதில் அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

"அவன்தான் எடுத்தவன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அதை மாட்டினேன். என் அண்ணனின் கண் கடைசியாகப் பார்த்தது இதுதான், இந்தச் சிரிப்பு அவனைப் பார்த்துச் சிரித்தது என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணாடியைத் துணியால் துடைப்பேன். மூர்த்தி எப்போதும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்வார். டிவி எதிர்ப்பக்கம் இருப்பதால் என்று நினைத்தேன்.

2002இல் அவரைக் கட்டினேன். இங்கிருந்த அவருடைய அக்கா ஸ்பொன்சர் செய்து நாங்கள் வந்து சேர்ந்தோம். அண்ணனிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. செத்தவனுக்குத் திவசம் கொடுக்கலாம். தொலைந்தவனுக்கு எதைக் கொடுக்கிறது? ஒருமுறை கோயில் ஐயரிடம் கேட்டேன். "இறந்த திகதி தெரியாமல் எந்தத் திதியில் செய்வது பிள்ளை?" என்றார். அவன் உயிரோடு இல்லை என்று என் உள்மனதுக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு திகதி. எத்தனை நாள் அழுதிருப்பேன், அதையும் மூர்த்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவரிடம் ஒரே ஒரு கிறுக்கு உண்டு. வருஷத்தில் ஒரு நாள், செப்டம்பர் கடைசியில், வேலைக்கு லீவு போடுவார். அன்று தானே சோறு வடித்து, டப்பாவில் போட்டுக்கொண்டு பிளொக்ஹவுஸ் பே கடற்கரைக்குப் போவார். காற்சட்டை முழங்கால் வரை நனைந்து திரும்புவார். மீன் பிடிக்கவா என்றால் தூண்டிலும் இல்லை, மீனும் இல்லை. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் பிடித்து, ஒரு வருஷம் பின்னாலேயே பஸ் ஏறிப் போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் தனியாக நின்றார். பெண் யாரும் இல்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி நிருஜா செய்த வேலை. அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பழைய படங்களைத் திரையில் ஓடவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்தாள். நீலக் கதவுப் படத்தைத் தமிழர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் போட்டு, அப்பாவோடு நிற்கும் இந்த அங்கிளை யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். ஒரு வாரத்தில் பதில். லக்ஷிகா என்ற பெண், "அது என் அப்பா. போன வருஷம்தான் எங்களோடு இருக்க வந்தார். பாட்டனி டவுன்ஸில் இருக்கிறோம்" என்று எழுதியிருந்தாள். வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டம். இரண்டு பிள்ளைகளும் கூடிக் கதைத்து, இரண்டு அப்பாக்களுக்கும், எனக்கும்கூடச் சொல்லாமல் சந்திப்பை ஏற்பாடு செய்தார்கள்.

மார்ச் மாதத்து ஞாயிறு மத்தியானம். மண்டபத்தில் பிரியாணி, ரோல்ஸ், மூன்று தட்டுக் கேக். திரையில் நீலக் கதவுப் படம் வந்து நின்றது. சனம் விசிலடித்தது. நிருஜா மைக்கைப் பிடித்து, "அப்பா, சர்ப்ரைஸ்!" என்று கத்தினாள். வாசலில் லக்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு மீசை நரைத்த ஒருவர், சாம்பல் நிறக் கோட்டு சூட்டில்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். கால் நின்றுவிட்டது. ஆனால் நூற்றிருபது பேர் கை தட்டுகிறார்கள், மகள் முன்னால் இழுக்கிறாள். வந்தார். வந்து, படத்தில் இருந்தது போலவே மூர்த்தியின் தோளில் கை போட்டார்.

"சேம் போஸ், அப்பா! ஸ்மைல்!" நிருஜா ஃபோனைத் தூக்கினாள்.

மூர்த்தி சிரிக்கவில்லை. முகம் பிணத்தின் முகமாகிவிட்டது. நான் இரண்டடி தூரத்தில் தட்டோடு நின்றேன். அந்த மனிதர் ஃபோனைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடியே, வாய் அசையாமல் சொன்னது எனக்குக் கேட்டது.

"சிரியடா. எல்லாரும் பாக்கினம்."

அப்போதுதான் குத்து விழுந்தது. ஒன்றோடு நிற்கவில்லை. விழுந்தவரின் மேல் ஏறி உட்கார்ந்து, தினமும் மாட்டுத் தொடையைப் புரட்டுகிற கையால் மாறி மாறி அடித்தார். வெள்ளை மேசைத் துணியில் இரத்தம் தெறித்தது. கதிரைகள் சரிந்தன, பிள்ளைகள் அலறினார்கள். வேலைத்தள நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்துதான் அவரைப் பிடுங்கி எடுக்க முடிந்தது. லக்ஷிகா அழுதுகொண்டே பொலிஸுக்கு ஃபோன் அடித்தாள்.

"எங்கயடா வசீகரனைப் போட்டனி? சொல்லு! எங்க போட்டனி?"

மூர்த்தியின் வாயிலிருந்து என் அண்ணனின் பெயர் வந்ததும் என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. தரையில் கிடந்தவர் இரத்தத்தைத் துப்பினார்.

"என்னைக் கேக்கிறியோ? கமராவைத் திறந்தது ஆர்? அவன் உனக்காக அடி வாங்கினவன். அதை உன்ர மனிசிக்குச் சொன்னனியோ?"

நான் மூர்த்தியின் சட்டையைப் பிடித்து மண்டபத்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன். கதவைப் பூட்டினேன்.

"சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். துனிஸில் ஐந்து பேரை ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தார்களாம். ஐந்து பேருக்கும் கள்ள மலேசியப் பாஸ்போர்ட். உல்லாசப் பயணிகள் என்று சொல்லி இத்தாலிக்குக் கப்பல் ஏற வேண்டும். பயணி என்றால் ஊர் பார்த்திருக்க வேண்டுமே! ஏஜென்சியின் ஆள், இப்போது அடி வாங்கிக் கிடக்கிற இந்த வரதராஜன். காலையில் தொப்பி மாட்டி, ரயிலேற்றி, கார்த்தேஜ் இடிபாடு, பழைய கடைத்தெரு, நீலக் கதவுக் கிராமம் என்று கூட்டிப் போவானாம். ஒவ்வொரு இடத்திலும் ஆளுக்கொரு படம். துறைமுகத்தில் கேட்டால் காட்ட ஆல்பம் வேண்டும். சிரிக்காதவனுக்கு அறைக்குத் திரும்பியதும் பெல்ட் அடி. சாயங்காலம் பரீட்சை. பெரிய பள்ளிவாசலின் கோபுரம் சதுரமா வட்டமா, கார்த்தேஜுக்கு எந்த ரயில்? பிழையாகச் சொன்னால் பெல்ட்டின் கொக்கிப் பக்கம்.

"ஆறாம் நாள் பிலிம் முடிஞ்சுதோ எண்டு பாக்க நான் கமராவைத் திறந்திட்டன் ராணி. வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் போச்சு. ஆர் திறந்தது எண்டு கேட்டான். எனக்கு நாக்கு எழும்பேல்ல. முதல் நாள் வாங்கின அடியில என்ர காதுக்கால இரத்தம் வந்துகொண்டிருந்தது. வசீ என்னைப் பாத்தான். பாத்திட்டு, நான்தான் எண்டான்."

தண்ணீர்க் குழாயால் அடித்தானாம். குழாய் வளைந்ததும் சப்பாத்துக் காலால் வயிற்றில் உதைத்தானாம். மற்ற நான்கு பேரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இரவு முழுக்க அண்ணன் இரத்தமாக வாந்தி எடுத்தான். திறந்தது நான்தான், டொக்டரைக் கூப்பிடுங்கோ என்று வரதராஜனின் காலைப் பிடித்த மூர்த்திக்கு விழுந்த உதையில் விலா எலும்பு ஒன்று உடைந்தது. விடிந்ததும் வரதராஜன் நான்கு பேரையும் வெளிக்கிடச் சொன்னான். ஆறு நாள் பார்த்த இடங்களையெல்லாம் ஒரே நாளில் ஓடி ஓடித் திரும்பவும் பார்த்தார்கள், திரும்பவும் சிரித்தார்கள்.

"பின்னேரம் வந்து பாத்தா, குளிர்ந்து போய்க் கிடந்தான். கம்பளத்தில சுத்தி வான் வண்டியில ஏத்தினாங்கள். எங்க கொண்டுபோனாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"ஆல்பம்?"

"துறைமுகத்தில அதை ஒருத்தனும் திறந்தும் பாக்கேல்ல. பாஸ்போர்ட்டைப் பாத்த உடனேயே பிடிச்சிட்டாங்கள்."

பிரியாணிக் கரண்டி பக்கத்தில் கிடந்தது. பெரிய இரும்புக் கரண்டி. அதை எடுத்து அவருடைய தோளில் அடித்தேன். கையில் அடித்தேன். என் பலம் முழுவதையும் கூட்டி முதுகில் அடித்தேன். இருபது வருஷமாக ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக்கூடக் குனிந்தவர் அன்று குனியவில்லை. நிமிர்ந்து நின்று அவ்வளவையும் வாங்கினார். கை ஓய்ந்து நான்தான் தரையில் உட்கார்ந்தேன்.

பொலிஸ் வந்தது. வாயில் ஐஸ் துணியோடு இருந்த வரதராஜன், கால் தடுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அத்தனை பேர் பார்த்திருந்தும் முறைப்பாடு வேண்டவே வேண்டாம் என்று மன்றாடினார். பொலிஸிடம் கதைக்க ஆரம்பித்தால் துனிஸ் வரைக்கும் கதைக்க வேண்டி வருமே. நான் போய் அந்த இளம் பொலிஸ்காரியிடம் என் அண்ணனின் பெயரையும் ஊரையும், நடந்ததையும் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். எழுதிக்கொண்டாள். லக்ஷிகா தன் அப்பாவின் கையை விட்டுவிட்டுத் தூரப் போய் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரிலிருந்து படத்தைப் பிடுங்கினேன். சுக்குநூறாக உடைக்கும் எண்ணம். சமையலறைத் தொட்டியின் விளிம்பில் அடிக்க ஓங்கினேன். ஜன்னல் வெயில் கண்ணாடியில் பட்டது. மூலையில் செம்மஞ்சள் எண்கள்.

28 9 '00.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன். வாசலில் நின்றார். "ஆறு நாள் படமும் போனதெண்டால், இது அடுத்த நாள் எடுத்ததோ?"

"ஓம்."

"அண்டைக்குப் பின்னேரம்தானோ அண்ணை..."

"ஓம் ராணி."

அப்படியென்றால் இதை எடுத்தது அண்ணனும் இல்லை. திகதி இல்லை, திகதி இல்லை என்று அழுதவள் நான். அந்தத் திகதியை நானே ஆணி அடித்து மாட்டி, சனிக்கிழமை சனிக்கிழமையாகத் துடைத்திருக்கிறேன். செப்டம்பர் இருபத்தெட்டு. கையில் இருந்த படத்தை மெதுவாகத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, இதை எழுதுகிற இன்று வரைக்கும் முடியவில்லை. ஆனால் அந்த டப்பாச் சோறு யாருக்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெண் யாரும் இல்லை என்று நிம்மதியாக நான் பஸ் ஏறிய அன்று, கடலில் நின்று அவர் என் அண்ணனுக்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருந்தார்.