கொசு சித்தியின் கிளட்ச்

என் சித்தியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் கொசு என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது. பதினொரு வருடமாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்? ஒருநாள் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போன நான், வரிசை முழுக்கக் கேட்கும்படி "கொசு சித்தி இருக்காங்களா?" என்றேன். அன்றோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்தக் கொசு கடிப்பது தெரியாது. குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவாள்.

எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். சித்தப்பா கப்பல் எஞ்சின் அறையில் ஃபிட்டர். ஒன்பது மாதம் என்று சொல்லிப் போனவர். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டு, இப்போது பதினாலு மாதம். கதவுக் கொக்கியில் அவருடைய சட்டை ஒன்று இன்னும் தொங்குகிறது. "அழுக்கா இருக்கே, துவைக்கப் போடவா?" என்று ஒரு தடவை கேட்டேன். "தொட்டுப் பாரு, கை இருக்காது" என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சட்டையைப் பற்றி நான் ஜோக் அடிப்பதில்லை.

வியாழக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது. சரக்கு இறக்க ஞாயிற்றுக்கிழமை கப்பல் நம் பக்கத்துத் துறைமுகத்துக்கு வருகிறது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கேட்டுக்கு வெளியே வரலாமாம். நூற்றைம்பது கிலோமீட்டர். மூன்று பஸ் மாறிப் போனால் கப்பலின் முதுகைத்தான் பார்க்கலாம். சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனால் ஆளையே பார்க்கலாம்.

வண்டியின் கிளட்ச் லிவரோ ஈரத் துணிபோலத் தொங்கியது. அழுத்தினால் எதிர்ப்பே இல்லை. எஞ்சின் பக்கத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. மெக்கானிக், "திங்கக்கிழமை கொண்டாங்க" என்றார்.

"திங்கக்கிழமை வண்டி எதுக்கு? பூ வச்சுப் பார்க்கவா?" என்று சித்தி தானே ஸ்பேனரை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தாள். கிளட்ச் எண்ணெய் பட்டால் பெயிண்ட் உரியும் என்று டாங்குக்குப் பழைய துண்டைப் போர்த்தினாள். எஞ்சினருகே இருக்கும் சின்ன சிலிண்டரைக் கழற்றி, தேய்ந்த ரப்பர் சீலை மாற்றினாள். ஹேண்டிலில் இருக்கும் கிண்ணத்தில் புது எண்ணெய் ஊற்றினாள். மிச்சம் ஒன்றே ஒன்று: லிவரிலிருந்து அந்தச் சிலிண்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். காற்று இருந்தால் மேலே எவ்வளவு அழுத்தினாலும் கீழே போய்ச் சேராது.

வழக்கமாக இதை இருவரும் சேர்ந்து செய்வார்கள். சித்தி லிவரை அழுத்திப் பிடிப்பாள். சித்தப்பா கீழே படுத்து, சிலிண்டரில் காற்று விடுவதற்கென்று இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து குமிழியை வெளியே விட்டு, மூடிவிட்டு "விடு" என்பார். அதற்கு முன்னால் கையை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஓடிவிடும்.

"நான் கீழ படுக்கறேனே சித்தி."

"வேணாம். இது ரெண்டு ஆள் வேலை."

"அப்ப நான் யாரு?"

"நீ அரை ஆளு. அதுலயும் பாதி வாய்."

மாடிக்குப் போய்ப் பெரிய சிரிஞ்சும் மெல்லிய டியூபும் கொண்டுவந்தாள். நிப்பிளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள்! டியூபை மாட்டி இழுத்தாள். குமிழி வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி குமிழி. மேலே எண்ணெய் ஊற்ற ஊற்ற, கீழே குமிழி வந்துகொண்டே இருந்தது. மதியம் தாண்டியது.

"இதுக்கு மேல எடுத்தா வண்டிக்கு ரத்த சோகை வந்துடும்" என்றேன். சித்தி சிரிக்கவில்லை.

தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சித்தி இழுக்கும்போதெல்லாம், தளர்ந்த நிப்பிளின் மரை இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போனது. உறிஞ்சியே பழகிய கை. தேவையில்லாத இடத்திலும் உறிஞ்சிவிட்டது.

"சித்தி, காத்தை நீயேதான் உள்ள கூட்டிட்டு வர்றே."

அவளும் குனிந்து பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நாலு மணி ஆச்சு. அவரு இருந்திருந்தா..."

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவின் கட்டைக் குரலில் சொன்னேன்: "என்னம்மா, பிடிக்கிறியா, இல்ல தூங்கறியா?"

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. செருப்புச் சத்தம் ஹேண்டில் பக்கம் போனது.

"பிடிச்சாச்சு" என்றாள்.

திறந்தேன். புஸ்ஸென்று குமிழி வந்தது. மூடினேன். "விடு."

பத்துத் தடவைக்குப் பிறகு தொண்டை கட்டி, என் சொந்தக் குரலில் "விடு" என்றேன். லிவர் அசையவில்லை.

"அந்தக் குரல்லயே சொல்லுடீ" என்றாள். முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தாள்.

இருபதாவது தடவை வெறும் எண்ணெய் மட்டும் வந்தது. லிவர் விறைத்துக்கொண்டது.

விடியற்காலை கிளம்பும்போது, "பின்னாடி ஏறுறியா?" என்று கேட்டாள். "எனக்கு ஆயிரம் வேலை" என்றேன். ஒரு வேலையும் இல்லை. இருக்கிற இரண்டு மணி நேரத்தில் எனக்கும் பங்கு கேட்பானேன்?

சாயங்காலம் திரும்பி வந்தாள். போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தியா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"முதல்ல லிவரைத்தான் பிடிச்சுப் பார்த்தாரு. 'யாரு பண்ணது?'ன்னாரு. 'நீங்கதான்'னேன்."

"அப்புறம்?"

"கிளம்பறப்ப கியர் போட்டேன். என் கைமேல அவர் கையை வச்சு லிவரைப் பிடிச்சுக்கிட்டாரு. வண்டி எப்படி நகரும்? கேட்ல செக்யூரிட்டி விசில் அடிக்கறான். இவரு விடவே இல்ல. 'விடுங்க'ன்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"பட்டுனு விட்டிருந்தா வண்டி நின்னிருக்குமே?"

"அவருக்குத் தெரியாதா? மெல்ல... மெல்லத்தான் விட்டாரு."

எஞ்சின் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சித்தியின் இடது கை மட்டும் லிவரை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. "விடு" என்று சொல்ல மூக்கைப் பிடிக்கப் போன என் கையை இறக்கிக்கொண்டேன்.