முகமூடி மேடம்

சட்டக் கல்லூரியில் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘முகமூடி மேடம்’. இணையத்தில் பேர் சொல்லாமல் எழுதுகிறவனின் பேரை, நீதிபதி உத்தரவு இல்லாமல் எந்தக் கம்பெனியும் வெளியே விடக்கூடாது. இதைத்தான் இருபது வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆரம்பத்தில், "கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை எப்போ தொறக்கறீங்க?" என்று சக ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். பிறகு, ஆலைக் கழிவைப் பற்றிப் பேர் சொல்லாமல் எழுதிய ஒரு தொழிலாளியின் பேர் முதலாளிக்குக் கசிந்தது. ஆள் வைத்து அவன் காலை உடைத்தார்கள். அதற்கப்புறம் நீதிமன்றமே இவர் கட்டுரையை மேற்கோள் காட்டியது. கிண்டலடித்தவர்கள் ஓடிவந்து கைகுலுக்கினார்கள். இவருக்கு அதற்குள் எல்லாமே அலுத்துப்போயிருந்தது.

இப்போது வம்பு வீட்டுக்கே வந்துவிட்டது. பள்ளியில் பாடம் நடத்தும் மகள், காசு வாங்கிக்கொண்டு மார்க் போடுகிறாள் என்று சமூக வலைத்தளத்தில் பேரில்லாத ஒரு கணக்கு வாய்க்கு வந்தபடி எழுதுகிறது. பெற்றோர்கள் கொதிக்கிறார்கள். அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று திங்கட்கிழமை நிர்வாகம் முடிவு செய்யும். எழுதுகிறவன் பேரைக் கேட்டு உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது.

சனிக்கிழமை மதியம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அந்தச் சமூக வலைத்தளக் கம்பெனியின் சட்டப் பிரிவில் இருப்பவன்.

"மேடம், அது யார்னு பார்த்துட்டேன். சொல்லட்டுமா? ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது."

"நான் உனக்கு என்னப்பா சொல்லிக்கொடுத்தேன்?"

"அதெல்லாம் மத்தவங்களுக்கு மேடம். நீங்க நம்ம ஆளு."

ஆலை முதலாளியும் இப்படி யாருக்கோ நம்ம ஆளாகத்தான் இருந்திருப்பான். ஆனாலும் பெற்ற வயிறு கேட்கவில்லை. ‘சொல்லு’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேண்டாம்ப்பா" என்று போனை வைத்தார்.

கதவருகே மகள் நின்றிருந்தாள். "அந்தக் கம்பெனியில இருக்கற உன் ஸ்டூடண்டாம்மா? பேரைச் சொன்னாரா?"

"நான் கேட்கல."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஸ்கூல்ல எல்லாரும் அவனைத்தான் நம்பறாங்க. வீட்டுலயும் அவனுக்குத்தான் வக்கீலா?"

அறைக்கதவு சாத்திக்கொண்டது. பேராசிரியை மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பேரைக் கேட்டு நீதிமன்றத்தில் போட வேண்டிய மனுவை எழுத ஆரம்பித்தார். கம்பெனி வக்கீல் என்னென்ன ஆட்சேபம் சொல்லுவார் என்பது இவருக்கு அத்துப்படி. அத்தனையும் இவரே கட்டுரை கட்டுரையாக எழுதிக்கொடுத்ததுதானே.