கெர்ட் விட்டுவந்த பெயர்

ஞாயிறு பூசை முடிந்தால் கெர்ட் ஓஸ்ட்ஹோஃப் மற்றவர்களோடு பீர் குடிக்கப் போவதில்லை. நேரே கல்லறைத் தோட்டம். மனைவி வீட்டாரின் பெரிய கற்களைச் சுற்றிப் புல் பிடுங்குவான். பிறகுதான் மதிலோரம் இருக்கும் தன் அப்பனின் மரச்சிலுவைக்கு வருவான். அங்கே ஒரு புல்லையும் தொடமாட்டான். "எங்கப்பனுக்குன்னு இருந்த ஒரே நிலம் இதுதான். விளையட்டும்" என்பான்.

அந்த அப்பன் ஹோல்ட்காம்ப். காட்டோரத்துக் குத்தகை வயலில் குடிசை போட்டதால் பாட்டன் காலத்தில் ஒட்டிய பெயர். எங்கள் மூன்ஸ்டர் பக்கத்தில் பெயர் ரத்தத்தோடு வராது, மண்ணோடு வரும். எந்தப் பண்ணைக்கு ஒருவன் மாப்பிள்ளையாகப் போகிறானோ, அதன் பெயரைத்தான் சுமக்கவேண்டும். ஊருக்குக் கிழக்கே இருந்த டிரீனாவின் பண்ணைக்குப் போன கெர்ட், ஓஸ்ட்ஹோஃப் ஆனான். அவன் தம்பி ஆற்றங்கரைப் பண்ணைக்குப் போய் வேறு யாரோ ஆனான். ஹோல்ட்காம்ப் என்று சொல்லிக்கொள்ள இப்போது ஆளே இல்லை.

கெர்ட் அதிர்ந்து பேசமாட்டான். நெருப்பில்லாத புகைக்குழாயை மென்றுகொண்டிருப்பான். கோபம் வந்தால் பன்றிகளிடம் போய்ச் சொல்லுவான்.

பண்ணை மூத்த மகனுக்கு, இளையவனுக்குக் கப்பல். சின்னவன் பெர்ண்ட் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோதுதான் கெர்ட் வாய் திறந்தான்.

"கடல் தாண்டிட்டா எந்தப் பண்ணையும் உன்னைக் கட்டாது. தாத்தா பேரை எடுத்துக்கடா."

"அந்தப் பேரு அங்க யாருக்குப்பா தெரியும்? ஓஸ்ட்ஹோஃப் பையன் வர்றான்னு சொல்லித்தான் அங்க இருக்கற மாமா எனக்கு வேலை பேசி வச்சிருக்காரு."

அடுப்படியிலிருந்து டிரீனா சிரித்தாள். "இத்தனை வருஷமா என் வீட்டுப் பன்னித்தொடையத் தின்னாச்சு, இன்னும் குடிசைப் பேரு விடலையாக்கும்!"

"தின்னது நான்தாண்டி. அவனை விடு."

"போற இடத்துல சோறு போடற பேருதான் அவனுக்கு வேணும்."

கெர்ட் பன்றிக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

மறுநாள் பெட்டி தயாரானது. கப்பலில் மாறிப்போகாமல் இருக்க மூடியில் பெயர் எழுதுவது தகப்பன் வேலை. கெர்ட் வெள்ளை வர்ணத்தில் தூரிகையைத் தோய்த்தான். குனிந்தான். குனிந்தபடியே இருந்தான். வர்ணம் அவன் மரச்செருப்பில் சொட்டியது.

"எழுதுங்கப்பா, வண்டி வந்துரும்."

தூரிகையை டிரீனாவிடம் நீட்டினான். "உங்க வீட்டுப் பேரு. நீயே எழுது."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. மண்டியிட்டு எழுதத் தொடங்கினாள். பெட்டி ஆடாமலிருக்க, கெர்ட் அதன் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.