நிரந்தரமாக நீக்கவா?

என் வீட்டுக்காரரின் குரல் போகப்போகிறது என்று தெரிந்த அந்த மழைக்காலத்தில், மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் போடுகிற சாஃப்ட்வேர் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தொண்டையில் கட்டி. குரல்பெட்டியை முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று கோட்டயத்து டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். இவரோ ஒன்றை இறக்குவார், முகத்தைச் சுளிப்பார், தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை இறக்குவார்.

ஏலப்பாறைப் பக்கம் மைக் செட் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. எஸ்டேட் லயக் குடியிருப்புகளில் கல்யாணமோ சாவோ, மாதா கோயில் பெருநாளோ, எங்கள் ஜீப்தான் போகும். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் பாட்டு. அதையெல்லாம் அவர் பாடகர் பெயரை வைத்துப் பிரிக்கவில்லை, எந்த வீட்டுக்கு எது என்றுதான் பிரித்திருந்தார். ‘பெருநாள்’, ‘கல்யாணம்’, ‘துக்கம்’ என்று ஃபோல்டர்கள். கடைசியாக ஒன்று, ‘நான்’.

‘நான்’ அவருடைய சொந்தக் குரல். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடியது, மேடையில் பாடியது எல்லாம் அதில் இருந்தன. பிரசவத்துக்கு நான் மலைக்குக் கீழே கம்பம் ஊரில் அம்மா வீட்டில் கிடந்தபோது எனக்காகவே பாடிப் பதிந்து அனுப்பியதும் அதில்தான் இருந்தது. நல்ல குரல், வாய்விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலுக்காகத்தான் இந்தக் குளிரில் வந்து குடித்தனம் நடத்தச் சம்மதித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எங்களிடம் மிஞ்சப்போவது அந்த ஒரு ஃபோல்டர்தான்.

முதலில் இறக்கிய சாஃப்ட்வேர் தன்னிஷ்டத்துக்கு எல்லாவற்றையும் பாடகர்வாரியாக அடுக்கியது. சோதித்துப் பார்க்க ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டார். அது முடிந்ததும், யாரும் தொடாமலே, சாவு வீட்டுப் பாட்டு ஒன்று எடுத்தது. வீடு முழுக்க மூடுபனி ஏறியிருந்த நேரம்.

“அதை நிப்பாட்டுங்க,” என்றேன்.

“நான் போடலியே புள்ள. அதாப் பாடுது,” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்தது தமிழ்ப் பெயர்களை எல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டியது. இன்னொன்றுக்கு நெட் வேண்டுமாம். மழை பெய்தால் எங்கள் ஊரில் கரண்டே இருக்காது, நெட்டுக்கு எங்கே போக? கடைசியாக ஒன்று அகப்பட்டது. ஃபோல்டரை ஃபோல்டராகவே காட்டியது, மெனு முழுக்கத் தமிழ்.

“இது இருக்கட்டும். எல்லாம் தமிழ்ல கெடக்கு. நாளைக்கு நீ தனியா ஓட்டணும்லா.”

“நான் ஏன் தனியா ஓட்டணும்? நீங்க எங்க போறீங்க?”

அவர் மவுஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ் மெனு எனக்காகத்தான். அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்துக்களைக் கோயில் பாட்டுப் புத்தகத்தில் கற்றுக்கொண்டவர், விரல் வைத்து எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பார். நான் கம்பத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காரி. கல்யாணமான புதிதில் மாமியார் “பானையை நீக்கி வையி” என்றார். அடுப்பிலிருந்தே இறக்கி வைத்துவிட்டேன். சோறு அரைவேக்காடு. தீயிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கத்தான் சொன்னாராம். மலையாளத்தில் நீக்குவது என்றால் நகர்த்துவது, இங்கே தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் அப்படியே ஆகிவிட்டது. எத்தனையோ நாள் என்னைக் கேலி செய்தார்கள். பிறகு நானும் கட்டிலை நீக்கினேன், பெஞ்சை நீக்கினேன், பழகிப்போயிற்று.

ஆபரேஷனுக்குப் போகுமுன் எல்லாப் பாட்டையும் புது டிஸ்க் ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பழசை நம்ப முடியாதாம். மத்தியானம், கொட்டுகிற மழை. நான் அடுக்களையில் கப்பக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“புள்ள, மொதல்ல ‘நான்’ஐ நீக்குதேன். முக்கியமானது அதுதானே.”

“மருந்தைக் குடிச்சிட்டு நீக்குங்க.”

எழுத்துக் கூட்டுகிற முணுமுணுப்பு கேட்டது. வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு அவர் குரல், கரகரவென்று வந்தது.

“நிரந்தரமாக நீக்கவான்னு கேக்குது. பின்னே? இனி அங்கதானே இருக்கப் போவுது.”

நிரந்தரமாக. பானையை அப்படி யாரும் நீக்கமாட்டார்களே என்று எனக்குத் தோன்றியது. கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் மவுஸ் சத்தம் கேட்டுவிட்டது.

போய்ப் பார்த்தேன். திரையில் இருந்ததை நான் விரல் வைத்து வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ‘நான்’ நிரந்தரமாக நீக்கப்பட்டது.

“சட்டுனு முடிஞ்சிட்டு பாத்தியா,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் புது டிஸ்க்கைத் திறந்தேன். காலியாக இருந்தது. பழையதில் தேடினேன், குப்பைத்தொட்டியிலும் தேடினேன்.

“ஏங்க, தமிழ்ல நீக்குன்னா அழிக்கிறதுங்க.”

அவர் விரலைத் திரையில் வைத்து அந்த வரியை மறுபடி எழுத்தெழுத்தாக வாசித்தார்.

கட்டப்பனையில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். இந்த வகை டிஸ்க்கில் போனது போனதுதான் என்று கையை விரித்தார். திரும்பி வரும்போது ஜீப்பில் நான் யாரைத்தான் திட்டவில்லை? சாஃப்ட்வேர் எழுதியவனை, அவரைப் படிக்க வைத்த பள்ளிக்கூடத்தை, மழையை, அவரை. வீட்டுக்கு வந்ததும் போனை அவர் முன்னால் நீட்டினேன்.

“ரெண்டு வார்த்தை பேசுங்க. பதிஞ்சு வைக்கிறேன்.”

“இந்தக் கொரலையா?” என்றார். தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. “நீ இதைக் கேட்டுட்டு இருந்தா பழைய கொரலு உனக்கு மறந்துபோவும். வேண்டாம்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் பழைய டிஸ்க்கில் மிச்சமிருந்த ‘கல்யாண’த்தையும் ‘துக்க’த்தையும் ஒவ்வொன்றாகப் புதியதுக்குப் பிரதி எடுத்தார், ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் பட்டனைத் தொட்டார்.

உயிர் தங்கிவிட்டது, அதைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் மைக் செட் ஓடுகிறது, அதே சாஃப்ட்வேர்தான். அவர் கையைக் காட்டுவார், நான் மைக்கில் பேசுவேன். ‘நான்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர் அவரே போட்டு வைத்திருக்கிறார். அதில் ஒன்றும் கிடையாது. அழிக்கவும் அவர் விடமாட்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்தபடி தியேட்டர் வாசல் வரைக்கும் போனேன். கதவைத் திறந்தார்கள். நான் கையை எடுக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி என் காலடியைப் பார்த்தார்.

“புள்ள, கொஞ்சம் நீங்கி நில்லு. சக்கரம் கால்ல ஏறிரும்.”

அவருடைய தமிழில் அது ஓரடி தள்ளி நிற்கச் சொல்வதுதான். எனக்குத் தெரியும். ஓரடி தள்ளி நின்றேன். கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.