கொடி அசையாத நாள்

இங்கே நோர்வேயில் நான் ஓட்டும் சுரங்க ரயிலுக்கு வெஸ்ட்லியில் தண்டவாளம் முடிந்துவிடும். அங்கே ரயிலோட்டி தன் பையைத் தூக்கிக்கொண்டு மேடை வழியே நடந்து, மறுமுனையில் ஏறி, வந்த வழியே திரும்பி ஓட்டவேண்டும். அப்படி நான் நடந்துகொண்டிருந்தபோதுதான் கைத்தொலைபேசி அடித்தது. லிங்கத்தின் மகள் அபி.

"மாமா, அப்பா மூச்சு விடுறேல்லை. நேர்ஸ் வந்து பாத்திட்டா. முடிஞ்சுதாம்."

பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ரயிலை எடுத்தேன். வழியில் வரும் குரோருட்டில்தான் என் வீடு. அங்கே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. கதவைத் திறந்தேன், மூடினேன், அடுத்த நிலையத்துக்குப் போனேன்.

கணேசலிங்கம் என்ற லிங்கத்தை இங்குள்ள தமிழர் நீங்கள் எல்லோரும் கோயிலிலும், கலியாண வீடுகளில் சமையல் அண்டாவுக்குப் பக்கத்திலும் கண்டிருப்பீர்கள். நான் அவரை அதிகம் கண்டது படகில். ரயிலோட்டப் பழகிய வகுப்பில் நாங்கள் இருவர்தான் தமிழர். பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு பழைய படகு வாங்கினோம். அவருடைய ஹொல்ம்லியா வீட்டுக்குக் கீழே, நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடலான ஃபியோர்டின் சிறு துறையொன்றில் அது கட்டிக்கிடக்கும்.

இந்த ஊரில் ஐப்பசியில் மீன் பிடிக்க நாள் பார்ப்பது கலியாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கரைச்சல். செவ்வாய், வெள்ளி வீட்டில் மச்சமாமிசம் இல்லை. மிச்ச நாட்களில் ஒருவருக்கு வேலை, மற்றவருக்கு நித்திரை. எல்லாம் கூடி வந்தால் வானம் முகத்தைத் தூக்கும். காலையில் வெயில், பிறகு மழை, மத்தியானம் ஆலங்கட்டி. தொலைக்காட்சியில் சொல்லும் வானிலையை லிங்கம் கேட்பார், நம்பமாட்டார். அவர் நம்பியது தன் வீட்டு ஜன்னலுக்கு நேரே, குடியிருப்பு முற்றத்தில் நின்ற கொடிக்கம்பத்தை. நோர்வேக்காரர் அதில் நீளமான வால்கொடி ஒன்றை எந்நாளும் பறக்கவிட்டிருப்பார்கள். அது ஆடாமல் தொங்கினால் காற்றில்லை, கடல் சும்மா கிடக்கும் என்று எனக்கு அழைப்பு வரும். என்னை அவர் கூப்பிடுவது 'ஐசே' என்றுதான்.

"ஐசே, கொடி நித்திரை. வெளிக்கிடும்."

ஒருமுறை நடு ஃபியோர்டில் மீன் போட்டி போட்டுக்கொண்டு கொத்தியது. லிங்கம் தெற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பயமெண்டால் கண்ணை மூடிக்கொண்டு இருமன்" என்றேன்.

"கடலோடை ரோசம் பாராட்டாதையும் ஐசே. அது நாளைக்கும் இருக்கும். நாங்களெல்லோ இருக்கவேணும்" என்று படகைத் திருப்பினார்.

துறைக்குள் நுழைந்து கயிறு கட்டுவதற்குள் வெளியே அலை வெள்ளை வெள்ளையாக எழும்பிவிட்டது. லிங்கம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வேறொருவர் என்றால் வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டியிருப்பார்.

இந்த வருடம் இலை உதிரத் தொடங்கியபோது வைத்தியர்கள் அவருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டதாம். லிங்கம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பனிக்காலத்துக்குப் படகைக் கரையேத்திறதுக்கு முதல் ஒருக்கால் போவம். என்ரை கையாலை ஒரு மீன் பிடிச்சு பவானியிட்டைக் குடுக்கவேணும்." பவானி அவருடைய மனைவி. மாதக்கணக்காக அவரைத் தூக்கி இருத்தி, கழுவி, ஊட்டிக்கொண்டிருந்தவர். பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் படுத்திருந்தது லிங்கத்துக்கு நோவைவிடப் பெரிய நோவு.

பிறகு வந்ததே அமைதி! ஐப்பசியில் அப்படி நாட்களை நான் கண்டதில்லை. விடிந்தாலும் பொழுதுபட்டாலும் கொடி நித்திரை. ஆனால் அவை கந்தசஷ்டி நாட்கள். லிங்கத்துக்காகவே பவானி பாலும் பழமுமாக ஆறு நாளும் விரதம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள் மச்சம் ஏறாது. பவானியே சொல்லிப் பார்த்தார். "நீங்கள் போயிட்டு வாங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்."

லிங்கம் கேட்கவில்லை. "அவள் என்ரை உயிருக்காகப் பட்டினி கிடக்கிறாள். நான் போய் இன்னொரு உயிரைக் கொல்லுறதோ?"

தூண்டிலை விட்டுவிட்டுச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் என்றேன். "வெறுங்கையோடை வரவோ?" என்று சிரித்தார். பவானி விரதத்தை முடித்துப் பாறணை செய்த மறுநாள் போவதாக முடிவாயிற்று. அதற்கு அடுத்த நாள் பாரந்தூக்கி வந்து துறையிலுள்ள படகுகளையெல்லாம் கரையேற்றிவிடும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

விடியவே போனேன். லிங்கம் கடற்சட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்குள் உடம்பு இருக்கிறதா என்று தெரியாமல், ஜன்னலடியில் இருந்தார். வெளியே வால்கொடி விறைத்து நீட்டி நின்றது. மழையும் பனியும் கலந்து கண்ணாடியில் அடித்தது. கடலுக்கென்று பவானி பிளாஸ்கில் ஊற்றி வைத்த இஞ்சித் தேநீரை அங்கேயே இருந்து குடித்தோம். அபி கணினியை விட்டு எழும்பவேயில்லை.

"மாமா, புது வானிலை வார்செல் வந்திருக்கு. பின்னேரமும் காத்துத்தானாம்."

ஒரு முழு ரயிலை ஒரு கையால் நிறுத்துகிறவன் நான். அந்தக் காற்றை ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைக்க எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. யாரைத் திட்டுவது? காற்றையா, நோயையா, முருகனையா? "காத்தெண்டாலும் பறவாயில்லை, போவம். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"ரோசம் பாராட்டாதையும் ஐசே" என்றார் லிங்கம், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இருட்டத் தொடங்கியதும் அவராகவே சட்டையைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் சொற்கேட்கவில்லை. பவானி வந்து பொத்தான்களைக் கழற்றிவிட்டார்.

படகைக் கரையேற்றிய அன்று நான் கடையில் ஒரு மீன் வாங்கிக்கொண்டு போனேன். பவானி குழம்பு வைத்தார். லிங்கம் ஒரு வாய் தின்றுவிட்டு, "பாவம், இது கடையிலை கனநாள் கிடந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதன்பிறகு அந்த வீட்டில் நான் சிரிப்புக் கேட்கவில்லை.

இறுதிக் கிரியைக்குப் பவானியைக் கூட்டிப்போகக் காலையில் முற்றத்தில் நின்றேன். குடியிருப்பில் ஒருவர் இறந்தால் கொடியை அரைக்கம்பத்தில் விடுவது இங்குள்ளவர்களின் வழக்கம். கட்டடத்தைப் பராமரிப்பவர் வால்கொடியை இறக்கிவிட்டு, லிங்கத்துக்காக நாட்டின் கொடியை ஏற்றிப் பாதியில் நிறுத்தியிருந்தார். அது ஆடாமல் அசையாமல் தொங்கியது. பவானி படியில் நின்று அதையே பார்த்தார்.

"இண்டைக்குக் காத்தில்லை, என்ன அண்ணை?"

"ஓம்."

"நான் அந்த விரதத்தைப் பிடியாமல் விட்டிருந்தால்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். காரின் கதவைத் திறந்துவிட்டேன்.

அவருடைய தூண்டிலை அபி எனக்குத் தந்திருக்கிறாள். அதோடு அவருடைய பழக்கம் ஒன்றும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வரும் இடங்களிலெல்லாம் கண் கொடிக்கம்பங்களைத் தேடுகிறது. எங்காவது ஒரு கொடி அசையாமல் தொங்கினால், இன்றைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்து, கை சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசிக்குப் போகிறது.