கழுவி வைத்த போத்தல்

என்னுடைய வள்ளம் அக்கரையில் இருந்த ஆசுப்பத்திரித் துறையை நாளுக்கு இரண்டு தரம் தொட்டுப் போகும். எங்கள் இறுப்பிட்டியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கால் முறிந்தாலும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவன் நான்தான். என்னுடைய பிள்ளையை மட்டும் ஐந்தாம் நாள் ஏற்றினேன். சனம் சிரிக்க எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன், இதைவிடப் பெரியது எனக்கே வாய்க்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே நாள், அதன் கூரைக்கு ஓலை இறக்கப் போன நாள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, பிறகு பிறந்த மகள்தான் எழுதுகிறாள். ஆனால் வாய் மட்டும் நன்றாக ஓடும். நயினாதீவுக்குப் போகிற சனம், காற்றடித்தால் அம்மனைக் கூப்பிடும், காற்று விழுந்தால் என்னைக் கூப்பிடும். "அண்ணை, ஏதும் சொல்லுங்கோவன்." என் மூக்கின் நீளத்தைப் பற்றியும், என்னைக் கட்டியதற்காக மனைவி அழுத அழுகையைப் பற்றியும் சொல்வேன். சொன்னதில் பாதி பொய். எந்தப் பாதி என்று ஒருவரும் கேட்டதில்லை.

மூத்தவளுக்கு அப்போது பதினான்கு மாதம். அடுத்தது வயிற்றில் வந்துவிட்டதால் மனைவி பால்குடியை மறக்கப்பண்ணியிருந்தாள். கஞ்சியும் உவர்க்கிணற்றுத் தண்ணீரும்தான் பிள்ளைக்கு. சோளகக் காற்று வீசத் தொடங்கிய கிழமை, அவளுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது.

மனைவியின் அண்ணனுக்கு அந்த ஆசுப்பத்திரியில் வேலை. தரை கூட்டுவதும் போத்தல் கழுவுவதும்தான் என்றாலும் காக்கிச் சட்டை போட்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்தச் சட்டைக்கு டொக்குத்தரை விட மதிப்பு. டொக்குத்தர் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லையே. துறையில் மச்சானைக் கண்டவுடன் சொன்னேன்.

"மச்சான், பிள்ளைக்கு வயித்தாலை போகுது. நாளைக்குக் கொண்டரட்டோ?"

"உமக்கென்ன விசரே? உள்ளை ஒரு கட்டிலிலை மூண்டு பிள்ளையள் கிடக்குது. இல்லாத வருத்தமும் தொத்தும். ஒரு வெறும் போத்தல் கொண்டாரும். மருந்தை நானே தாறன்."

மருந்துக்குப் போத்தலை நாங்களே கொண்டுபோக வேண்டிய காலம் அது. போத்தல் இல்லாதவன் வருத்தத்தோடு திரும்பி வர வேண்டியதுதான். என்னிடம் ஒன்று இருந்தது, கள்ளுக்கு வைத்திருந்தது. மனைவி சாம்பல் போட்டுத் தேய்த்துத் தந்தாள். மச்சான் அதில் சிவப்பாக நிரப்பித் தந்தார். நான் ஒரு கோர்வை கருவாடு கொடுத்தேன்.

"மூண்டு நேரமும் ஒவ்வொரு கரண்டி. தண்ணி மட்டும் குடுக்கப்படாது. குடுத்தா இன்னும் கூடப் போகும்."

நான்கு நாள் அப்படியே செய்தோம். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டால் பிள்ளை தலையைத் திருப்பி நாக்கை நீட்டும்.

"இஞ்சேருங்கோ, ஒரு மிடறு பருக்கட்டே?" என்று மனைவி கெஞ்சினாள்.

"உன்ரை அண்ணை என்ன சொன்னவர்? அவருக்குத் தெரியாததோ எனக்கும் உனக்கும் தெரியும்?" என்றேன்.

நயினாதீவுத் திருவிழாச் சனத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு நாள்தோறும் அந்தத் துறையில் வள்ளத்தைக் கட்டினேன். மச்சான் வந்து விசாரிப்பார்.

"எப்பிடி?"

"அப்பிடியேதான்."

"மருந்து பிடிக்க நாளெடுக்கும். பொறும்."

ஐந்தாம் நாள் காலை பிள்ளை அழுதது. கண்ணீர் வரவில்லை. தகப்பனைப் போலப் பொய்யழுகை பழகிவிட்டாள் என்று நான் மனைவிக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே தலையைத் தடவினேன். உச்சிக்குழியில் என் பெருவிரல் இறங்கிப் படுத்தது. வள்ளத்தை அவிழ்த்தேன்.

ஆசுப்பத்திரியில் நேர்ஸ், பிள்ளையைக் கண்டவுடன் மனைவியையும் சேர்த்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டொக்குத்தர் என்னை மேசையடியில் நிறுத்தினார்.

"எத்தினை நாள்?"

"அஞ்சு, ஐயா."

"இவ்வளவு நாளும் என்ன குடுத்தனி?"

மடியிலிருந்து போத்தலைப் பெருமையோடு எடுத்து நீட்டினேன். உங்கள் மருந்துதான் ஐயா, நாங்கள் காட்டுச் சனம் இல்லை என்று காட்ட வேண்டாமா? அவர் மூக்கடியில் வைத்து மணந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார்.

"இது மருந்தில்லை. மருந்துப் போத்தல் கழுவின தண்ணி. ஆர் தந்தது?"

மச்சான் எனாமல் பேசின் ஒன்றை ஏந்திக்கொண்டு டொக்குத்தருக்குப் பின்னால் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அவர் திறந்துவிட்டார்.

"ஊரிலை ஆரிட்டையும் வாங்கியிருப்பினம், ஐயா. இவையளுக்கு எத்தினை தரம் சொன்னாலும் ஏறாது."

என்னை முன்பின் பார்த்திராதவர் போலச் சொன்னார். என் கருவாடு அவருடைய குசினி அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பேசினைக் காக்கிச் சட்டையோடு இறுக்கி அணைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாலு பிள்ளைகள். நான் ஒரு சொல் சொன்னால் அந்தச் சட்டை அன்றே கழன்றுவிடும்.

"நான்தான் ஐயா கலக்கினனான். தேத்தண்ணிச் சாயம். நிறம் வடிவாக் கிடந்துது."

மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் வேண்டாமென்று நினைத்த முதல் சிரிப்பு அது.

"பகிடியோ விடுறாய்? பிள்ளைக்குத் தண்ணி குடுத்தனியோ?"

"இல்லை, ஐயா."

அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். மச்சான் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

பிள்ளை கிடந்த கட்டிலில் இன்னும் இரண்டு பிள்ளைகள் கிடந்தன. மச்சான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். உப்புத் தண்ணீர்மேல் பிறந்து வளர்ந்தவன் நான். அது பிள்ளையைக் காப்பாற்றும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். "ரெண்டாம் நாள் கொண்டந்திருந்தாலும் பரவாயில்லை" என்று டொக்குத்தர் நேர்ஸிடம் சொன்னார். மறுநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டாள்.

புறப்படுமுன் நான் போத்தலைக் கேட்டேன். மச்சான் கொண்டுவந்து தந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லாமல் கழுவியிருந்தார். அது அவருடைய தொழில்தானே.

செத்தவீட்டுக்கு அவரும் வந்தார். ஆண்களோடு பாயில் இருந்து, குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"முதல் நாளே கொண்டா எண்டு சொன்னனான். திருவிழா ஓட்டத்தை விட்டிட்டு வர ஏலாதாம்."

நான் எழும்பினேன்.

"பொய்! போத்தல் கழுவின தண்ணியை மருந்தெண்டு தந்தது இவர். தண்ணி குடுக்கவேண்டாம் எண்டதும் இவர்தான்."

பக்கத்து வளவுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரும், இரும். தேத்தண்ணிச் சாயம் கலக்கினனான் எண்டு டொக்குத்தரிட்டை நீர்தானே சொன்னனீராம். வரிசையிலை நிண்ட சனம் வந்து சொல்லிச்சுது."

"அது இவரைக் காப்பாத்தச் சொன்னது!"

"இண்டைக்குமோ உம்மடை பகிடி?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

மனைவி கதவடியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். துறையில் அண்ணன் சொன்னதெல்லாம் என் வாயால்தான் அவளுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கோபமாக அல்ல. வள்ளத்தில் முதல் தரம் ஏறுகிற சனம் இப்படித்தான் என் வாயைப் பார்க்கும், எந்தப் பாதி பொய் என்று. நானும் அவளைப் பார்த்தேன். சத்தியம் செய்யலாமென்று தலையில் கை வைக்கப் பார்த்தால், வைக்கிறதற்கு ஒரு பிள்ளையின் தலையும் இருக்கவில்லை.

அவள் உள்ளே போனாள். அயல்வீட்டார் கொண்டுவந்த தேத்தண்ணியில் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து, என்னைக் கடந்து போய், குனிந்தாள்.

"அண்ணை, விடியத்தொட்டு வெறும் வயிறு. இதைக் குடியுங்கோ."

அவர் வாங்கிக் குடித்தார்.